மேஸ்திரிக்குப் பெண் தேடிய நைனாவுக்கு

என் பாசத்துக்குரிய, எனக்கு இன்னும் கோபம் தீராத நைனா,

நீ போய்ப் பத்து மாதம் ஆகிறது. வருஷத் திதி வரைக்கும் காத்திருந்தால், சொல்ல நினைத்ததில் பாதியை நாலு பேருக்கு நல்லபடியாகத் தெரிகிற மாதிரி மாற்றிவிடுவேன் என்று தோன்றியது. அதனால் இப்போதே எழுதுகிறேன்.

வீடு ஒழுங்காக இருக்கிறது. ஒழுகின தகரத்தை மாற்றிவிட்டேன். நான் இன்னும் அதே கண்டெய்னர் யார்டில், அதே எடைமேடைக் கூண்டில்தான் உட்கார்ந்திருக்கிறேன். லாரி ஏறுகிறது, எண்ணைக் குறிக்கிறேன், லாரி இறங்குகிறது. உன்னைத் தெரிந்த டிரைவர்கள் ஜன்னல் வழியாகச் சீட்டு வாங்கும்போது, "ஹார்பர் கிரேன்காரரு பொண்ணு தானே நீ?" என்பார்கள். ஆமாம் என்பேன். அடுத்த கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அந்தக் குட்டக் குதுர இன்னா ஆச்சு?"

பார், நீ இல்லாதபோதும் முதலில் விசாரிக்கப்படுவது அதுதான். என்னை யாரும் எப்படி இருக்கிறாய் என்று கேட்பதில்லை.

அந்தக் குதிரையை என்ன செய்வது என்று நான் முடிவெடுக்க வேண்டி வந்தது. எப்படி எடுத்தேன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உனக்குத் தெரிந்த கதையிலிருந்தே தொடங்குகிறேன். எனக்கு எங்கிருந்து வலிக்க ஆரம்பித்தது என்று உனக்குத் தெரிய வேண்டும்.

நீ துறைமுகத்தில் வேலை முடிந்து வந்த மறுவருஷம். உன் பழைய சிநேகிதர் காவலிருந்த பண்ணை வீட்டை மூடுகிறார்கள், பார்த்துவிட்டு வருகிறேன் என்று கிளம்பினாய். சாயங்காலம் குட்டியானை லோடு வண்டியில் ஒரு குதிரையோடு வந்து இறங்கினாய். என் இடுப்புயரம்கூட இல்லை. கழுத்து மயிர் கண்ணை மறைத்துக்கொண்டிருந்தது. குட்டி என்று நினைத்தேன். "குட்டி இல்லம்மா, ஜாதியே இம்மாந்தான். ஆம்பளக் குதுர, முயு வளத்தி" என்றாய். பக்கவாட்டுத் தகரக் கொட்டகையில் கட்டினாய். தெருவில் யார் வேலை செய்தாலும் தலையைத் தூக்கி மேற்பார்வை பார்த்ததால் மேஸ்திரி என்று பெயர் வைத்தாய்.

அம்மா போனபோது எனக்குப் பத்தொன்பது வயது. அவள் படுக்கையில் கிடந்த ஆறு மாதமும் நானே கண்ணாடியைச் சுவரில் சாய்த்து வைத்துப் பின்னிக்கொண்டேன். என் தலைமுடியை நீ ஒரு நாளும் தொட்டதில்லை. மேஸ்திரியின் பிடரியைத் தினமும் காலையில் அரை மணி நேரம் வாரினாய். தேங்காய் எண்ணெய் வேறு. அதுவும் என் அலமாரியிலிருந்த பாட்டில்.

என்னைப் பெண் பார்க்க மூன்று பேர் வந்தார்கள், ஞாபகம் இருக்கிறதா? மூன்று முறையும் நீ வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாய். மூன்றாவதாக வந்தவர் தண்டையார்பேட்டையில் அச்சகம் வைத்திருந்தவர். எனக்குப் பிடித்திருந்தது. வெட்கத்தை விட்டு உன்னிடம் சொன்னேன். "பாக்கலாம்" என்றாய். அவருக்கு வேறு இடத்தில் முடியும் வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தாய். அதன் பிறகு யாரும் வரவில்லை. எனக்கு இப்போது நாற்பத்தேழு.

அதே நீதான் மேஸ்திரிக்குப் பெண் தேடினாய். மீஞ்சூர் போனாய், பொன்னேரி போனாய், கும்மிடிப்பூண்டியில் எவரோ பெட்டைக் குதிரை வைத்திருக்கிறார் என்று கேட்டு வெயிலில் அங்கேயும் போனாய். உயரம் அளக்கச் சட்டைப் பையில் இஞ்ச் டேப். "ஒசரம் ஒத்துப் போவணும், கோவம் இல்லாத பொட்டையா இருக்கணும், பல்லு நேரா இருக்கணும்" என்று சாப்பிடும்போது என்னிடமே அடுக்கினாய். என் ஜாதகத்தை நீ ஒரு முறையாவது சட்டைப் பையில் வைத்துக்கொண்டு எங்கேயாவது போயிருக்கிறாயா?

ஒரு மிருகத்தின்மேல் பொறாமைப்படுகிறாளே என்று யாராவது சிரிக்கலாம். சிரிக்கட்டும். நான் பட்டேன்.

கடைசியில் கத்திவாக்கத்தில் கிடைத்தது. செல்வி. கழிமுகத் தண்ணீரில் கையால் இறால் தடவிப் பிடிக்கிறவள், முப்பது முப்பத்திரண்டு வயது. கோயில் திருவிழாக்களில் பிள்ளைகளை ஏற்றிச் சுற்றிவர அவளும் அவள் புருஷனும் ஒரு மட்டக்குதிரை வைத்திருந்தார்கள். பெட்டை. பெயர் மல்லி. பார்க்கத்தான் போனாய். பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் போனாய். நான் இறால் வாங்கினால் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது என்று தட்டைத் தள்ளுகிற நீ, அங்கே இறால் தொக்கு போட்டு இரண்டு தட்டுச் சோறு சாப்பிடுவதை எதிர்வீட்டுக்காரர் பார்த்துவந்து சொன்னார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் போனில் அவளைப் 'பாப்பா' என்று கூப்பிட்டாய். எனக்கு எட்டு வயதாகும்வரை நீ என்னைக் கூப்பிட்ட பெயர் அது. அன்றைக்கு நான் ராத்திரிச் சாப்பாடு செய்யவில்லை. நீ ஏன் என்று கேட்கவும் இல்லை, இரண்டு வாழைப்பழத்தைச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துவிட்டாய்.

நீ விழுந்ததும் அவள் வீட்டு வாசலில்தான். எனக்கு போன் வந்து, எண்ணூர் நெடுஞ்சாலையில் லாரி வரிசைக்கு நடுவே ஷேர் ஆட்டோ சிக்கி, நான் வந்து சேர்ந்தபோது உன் தலை அவள் மடியில் இருந்தது. உன் உடம்பில் சூடு மட்டும் மிச்சம் இருந்தது. காடாற்றும்வரை அவள் நம் வீட்டில் பாத்திரம் துலக்கினாள். நான் அவளோடு பேசவில்லை.

நீ போன பிறகு மேஸ்திரி மேஸ்திரியாக இல்லை. கொள்ளுத் தொட்டியை உதைத்தது. தகரத்தைக் கடித்தது. எனக்கு அதைப் பிடிக்கத் தெரியவில்லை, அதற்கும் என்னைப் பிடிக்கவில்லை. ஐந்தாம் மாதம் ஒரு கல்யாண ஊர்வலம் மெயின் ரோட்டில் போனது. மாப்பிள்ளை ஏறியிருந்த வெள்ளைக் குதிரை பெட்டை போலிருக்கிறது. வாடை பட்டதும் மேஸ்திரி கயிற்றை அறுத்துக்கொண்டு ஓடியது. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே அவ்வளவு சின்ன உடம்பு. ஒரு டிரைவர் வண்டியைக் குறுக்கே நிறுத்திவிட்டுக் குதித்து, பிடரியைப் பிடித்து நிறுத்தினார். அவர் தோளில் கடித்துவிட்டது.

எதிர்வீட்டு லட்சுமி வந்து சத்தம் போடாமல்தான் சொன்னாள். "இன்னிக்கி லாரிக்காரரு. நாளிக்கி எம் புள்ளைய ஒதச்சா நீ இன்னா பதில் சொல்லுவே, கஸ்தூரி? ஒண்ணு காயட்ச்சு வெய்யி, இல்ல எங்கனா அனுப்பிடு."



சேதி கத்திவாக்கம் வரைக்கும் போயிருக்கிறது. மறுநாள் சாயங்காலம் செல்வி வந்து நின்றாள். கொட்டகைக்குள் போனாள். இரண்டு வாரமாக என்னைக் கிட்டே விடாத மேஸ்திரி அவள் கழுத்தடியில் மூக்கை வைத்து மூச்சு விட்டது. அதையும் பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"அக்கா, காயடிக்கப் போறியாமே. அத்த நான் வேணாங்கல. ஒரே ஒரு தபா மல்லியோட சேத்து வுடு. ஒரு குட்டி வந்தா போதும். அப்பால நீ இன்னா வேணா பண்ணிக்கோ. நைனாவுக்கு அம்மாம் ஆச அது."

"யாரு நைனா?" என்றேன்.

அவளுக்குப் புரிந்தது. முகம் சுருங்கிப்போனது. "நம்ம நைனா தான்க்கா" என்று தரையைப் பார்த்துச் சொன்னாள்.

'நம்ம.' அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் நான் மறுநாள் காலையிலேயே கால்நடை மருத்துவரைக் கூப்பிட்டேன். லட்சுமியின் பிள்ளைக்காக இல்லை, லாரிக்காரரின் தோளுக்காகவும் இல்லை. உன்னிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

டாக்டரம்மா மேஸ்திரியின் வாயைத் திறந்து பார்த்தார், அடிவயிற்றைத் தடவிப் பார்த்தார். "நல்ல ஆரோக்கியம். பல்லு நேரா இருக்கு. விதை ரெண்டும் சரியா இறங்கியிருக்கு. இந்த ஜாதியில இப்படி அமையறது கஷ்டம். குட்டி எடுக்கணும்னா தாராளமா எடுக்கலாம். ஆனா இந்தச் சந்துல, தனியா, கயித்துல கட்டி வளர்க்கறதா இருந்தா காயடிக்கறதுதான் அதுக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. தெரிஞ்சவங்ககிட்ட பெட்டைக் குதிரை ஏதாவது இருக்கா?"

"யாருகிட்டயும் இல்ல" என்றேன். அடுத்த வாரமே நாள் குறித்தோம்.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது, நைனா. எனக்கு நடக்காதது அதற்கும் நடக்காது. உன் பாப்பாவுக்கும் குட்டி கிடைக்காது. செய்வதோ டாக்டரே நல்லது என்று சொன்ன காரியம், யாரும் என்னைக் குறை சொல்ல முடியாது. அந்தச் சந்தோஷத்தோடு நிறுத்தியிருக்கலாம். செல்வியின் முகத்தை நேரில் பார்க்க வேண்டும் என்று ஞாயிற்றுக்கிழமை கத்திவாக்கத்துக்குக் கிளம்பினேன்.

அவள் வாசலில் உட்கார்ந்து வலையிலிருந்த முடிச்சை அவிழ்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் மல்லி ஒரு பூவரச மரத்தடியில் நின்றது. புதன்கிழமை காயடிக்கப்போகிறார்கள், குட்டிப் பேச்சே இல்லை என்றேன். அவள் அழவில்லை. அவிழ்த்த முடிச்சை விட்டு அடுத்ததை எடுத்தாள்.

"நீ செய்யிறது சரிதான்க்கா. நைனாவே வேணான்னுட்டாரு. நான்தான் மன்சு கேக்காம உன்னாண்ட வந்தேன்."

"வேணான்னாரா? எப்ப?"

"அவுரு போறதுக்கு மூணு வாரம் மின்ன. மல்லி பருவத்துல இருந்தா. மேஸ்திரிய இட்டுகினு வந்தாரு. எல்லாம் தயார். கயித்த வுட வேண்டியது தான் பாக்கி. வுடல. அப்டியே புட்ச்சுகினு நின்னாரு. குதுர இஸ்து இஸ்து அவரு கையெல்லாம் செவந்து போச்சு. இன்னா நைனான்னு கேட்டேன். 'எம் பொண்ணுக்குப் பண்ணி வெக்காதத இதுக்குப் பண்ணி வெச்சிட்டு, நான் எப்டி வூட்டுக்குப் போயி அவ மூஞ்சியில முயிப்பேன்'னாரு. திருப்பி இட்டுகினு போயிட்டாரு. ரெண்டு வாரம் இந்தப் பக்கமே வர்ல. மூணாவது வாரம் வந்தாரு. அன்னிக்கித்தான்..."

நான் எழுந்து மண்மேட்டுக்கு அந்தப் பக்கம் போய் நின்றேன்.

அப்படியென்றால் உனக்குத் தெரிந்திருந்தது. இத்தனை வருஷமும் தெரிந்தே இருந்திருக்கிறாய். இருபத்தெட்டு வருஷம் ஒரே கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டோம். குழம்பில் உப்பு குறைந்தால் சொன்னாய், கேபிள் வரவில்லை என்றால் சொன்னாய். இதைச் சொல்ல ஒரு வேளைகூட வாய்க்கவில்லையா? என்னிடம் கேட்க வேண்டிய மன்னிப்பை, வலை பிரிக்கிற ஒருத்தியிடம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாய். நான் எதற்கு அழுதேன் என்று இன்றைக்கும் எனக்குச் சரியாகத் தெரியவில்லை. நீ வருத்தப்பட்டதற்காகவா, அந்த வருத்தமும் அவளுக்கே கிடைத்துவிட்டதற்காகவா?

திரும்பி வந்தபோது அவள் ஒரு சொம்புத் தண்ணீர் கொடுத்தாள். "உனக்கு எப்டிடி அவர நைனான்னு கூப்ட வந்துச்சு?" என்று கேட்டேன். கோபமாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன்.

"எங்கப்பன் இருந்தும் இல்லாத மாரிக்கா. தண்ணியப் போட்டுகினு எங்கியோ கீறான். இவுரு ஒரு நா மல்லி கால் கொளம்புல முள்ளு எடுக்கறப்ப, அந்த முள்ள எடு பாப்பான்னாரு. எனக்கு வாயில தானா வந்துச்சு."

அன்றைக்கே டாக்டரம்மாவுக்கு போன் செய்து, புதன்கிழமையைத் தள்ளிவைக்கச் சொன்னேன். பெட்டைக் குதிரை இல்லையென்று நான் சொன்னது பொய் என்றேன். ஒரு முறை இரண்டையும் சேர்த்துவிடலாமா, வந்து பாருங்கள் என்றேன். ஏன் திடீரென்று மனம் மாறியது என்று கேட்காதே. நீ கயிற்றைப் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டாய். நானாவது விட்டுப் பார்க்கிறேனே என்று தோன்றியது. உன்னால் முடியாததைச் செய்து காட்டுகிற வீம்பும் அதில் கொஞ்சம் இருந்தது.

அவர் கத்திவாக்கத்துக்கு வந்து மல்லியின் வாயைத் திறந்தார். நெடுநேரம் பார்த்தார். "இதுக்கு என்ன வயசுன்னு சொல்லி வாங்கினீங்க?"

"வாங்கறப்ப ஆறுன்னாங்க. இப்ப பத்து பதினொண்ணு இருக்கும்" என்றாள் செல்வி.

"பல்லு தேய்ஞ்சிருக்கறதைப் பார்த்தா பதினெட்டு, இருபதுக்குக் குறையாது. இதுவரைக்கும் ஒரு ஈத்துகூட ஈனல இல்லையா? உடம்பும் குறுகல். இந்த வயசுல முதல் குட்டின்னா குட்டி தங்கறதே சந்தேகம். தங்கினாலும் ஈனும்போது சிக்கிக்கிட்டா ரெண்டையும் காப்பாத்த முடியாது. நடக்கவே நடக்காதுன்னு சொல்லல. ஆனா நான் செய்யச் சொல்ல மாட்டேன்."

"வேணா டாக்டரம்மா" என்றாள் செல்வி. அந்த நிமிஷமே. என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மல்லியின் நெற்றியைத் தேய்த்துக்கொண்டே, "வேணான்டி, உனக்கு அதெல்லாம் வேணா" என்று அதனிடம் சொன்னாள்.

நம் வீட்டுப் படிக்கட்டேறி வந்து என்னிடம் கெஞ்சியவள் அவள். அந்த ஆசையை ஒரு மூச்சில் கீழே வைத்துவிட்டாள். நீயும் நானும் அப்படியில்லை, நைனா. நாம் பிடித்ததை விடுவதில்லை, வேண்டியதைக் கேட்பதும் இல்லை. உனக்கு ஏன் அவளிடம் பிரியம் வந்தது என்று அன்றைக்குப் புரிந்தது. புரிந்ததால் பொறாமை குறைந்தது என்று நினைக்காதே. முன்பு உன் கண்மூடித்தனத்தின்மேல் கோபப்பட முடிந்தது. இப்போது அதற்கும் வழியில்லை.

டாக்டரம்மா கை கழுவிக்கொண்டே சொன்னார். "வேற பெட்டை தேடறதுன்னா தேடுங்க, அது உங்க விருப்பம். என்னைக் கேட்டா, அவனுக்குப் பெரிய கஷ்டம் தனியா நிக்கறதுதான். குதிரைக்குக் கூட ஒரு குதிரை வேணும். காயடிச்சு ரெண்டு மாசம் விட்டு, இங்கேயே மல்லியோட கட்டுங்க. குட்டி உண்டாகாது. துணை இருக்கும்."

"அவனுக்கு ஏக்கமா இருக்காதா டாக்டர்?" என்று கேட்டேன். கேட்டுவிட்டு, யாருக்காகக் கேட்கிறேன் என்று கூசியது.

அவர் என் முகத்தைப் பார்த்தார். "குதிரை நடக்காததை நெனச்சு உக்காந்திருக்காதும்மா. அது நம்ம வேலை."

காயடிக்க எனக்குத் தயக்கமில்லை. அவள் வீட்டுக்கு அனுப்பத்தான் ஒரு வாரம் பிடித்தது. உன்னை அங்கே கொடுத்தேன், இதையும் கொடுக்க வேண்டுமா? வேறு பெட்டை தேடலாம், இங்கேயே வைத்துக்கொள்ளலாம், அவளுக்கு ஒன்றும் கிடைக்காமல் செய்யலாம் என்று எல்லாக் கணக்கும் போட்டேன். வெள்ளிக்கிழமை காலையில் வேலைக்குக் கிளம்பும்போது கொட்டகையைப் பார்த்தேன். மேஸ்திரி சுவரைப் பார்த்து நின்றது. அந்தக் கயிற்றின் நீளத்துக்கு அது அப்படித்தான் நிற்க முடியும். நான் கூண்டுக்குப் போய் எட்டு மணி நேரம் உட்கார்ந்தேன், திரும்பி வந்தேன். அது அப்படியே நின்றது. உள்ளே போய் செல்விக்கு போன் செய்தேன். "வர்ற புதங்கெயம காலையில வா. தலையப் புடிக்க ஆள் வேணும்" என்றேன்.

சந்து முனையில் இருக்கிற காலி மனையில், வெயில் ஏறுவதற்குள் செய்தார்கள். கையெழுத்து நான் போட்டேன். ஊசி போட்டதும் மேஸ்திரி முழங்கால் மடங்கி மெதுவாகச் சாய்ந்தது. செல்வி மண்ணில் உட்கார்ந்து தலையை மடியில் வைத்துக்கொண்டாள், கண்ணை ஈரத்துணியால் மூடினாள். நான் பின்னங்காலில் கட்டிய கயிற்றைப் பிடித்திருந்தேன். வேறு பக்கம் திரும்பவில்லை, முழுக்கப் பார்த்தேன். முடிவு என்னுடையது என்றால் பார்க்கவும் வேண்டும் இல்லையா? அரை மணி நேரம்கூட ஆகவில்லை. பிறகு தள்ளாடி எழுந்தது, நாலு காலையும் அகட்டி நின்றது, கொஞ்சம் கழித்துப் பக்கத்திலிருந்த அருகம்புல்லைக் கடித்தது. செல்வி சிரித்தாள். எனக்கும் சிரிப்பு வந்தது.

வீக்கம் வராமலிருக்கத் தினமும் நடத்த வேண்டும் என்றார்கள். காலையிலும் சாயங்காலமும் கடலோரம் பாறை போட்டிருக்கிற சாலையில் நடத்திப் போனேன். முதல் வாரம் என்னைக் கயிற்றோடு இழுத்தது. மூன்றாம் வாரம் பக்கத்தில் நடந்தது. ஆறு வருஷத்தில் நான் அதன் உடம்பைத் தொட்டதே அந்த நாட்களில்தான். பிடரி அவ்வளவு முரடு என்று எனக்குத் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை கத்திவாக்கத்துக்கு நடத்தியே கூட்டிப்போனேன். மல்லி முதலில் ஒரு உதை விட்டது. மேஸ்திரி ஒதுங்கி நின்று கனைத்தது. சாப்பாட்டு வேளைக்குள் இரண்டும் ஒரே கூடையில் தவிடு தின்றன. செல்வி என்னையும் சாப்பிடச் சொன்னாள். வேலை இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். அவ்வளவுதான் அன்றைக்கு என்னால் முடிந்தது.

நம் கொட்டகை இப்போது காலியாக இருக்கிறது. காலையில் காபி டம்ளரோடு அங்கே போய் நிற்கிறேன். யார்மேல் பொறாமைப்படுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு உள்ளே வருகிறேன்.

உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். பொறாமையை விட்டுவிடுவேன் என்று இல்லை, அது பொய்யாகிவிடும். செல்வியிடம் உன்னைப் பற்றிக் கேட்பேன். அவளிடம் என்னென்ன பேசினாய், எதற்கெல்லாம் சிரித்தாய், என்னைப் பற்றி இன்னும் ஏதாவது சொன்னாயா என்று ஒன்றுவிடாமல் கேட்பேன். பதிலுக்கு அவள் பார்த்திராத உன்னை அவளுக்குச் சொல்வேன். அம்மா இருந்தபோது நீ எவ்வளவு பேசுவாய் என்பதையும், கிரேனிலிருந்து இறங்கி வருகிற நாட்களில் தரை ஆடுகிறது என்று நீ சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பதையும். அவளுக்கு அதெல்லாம் தெரியாது. தெரிய வேண்டும்.

உன் இரண்டு பெண்களில் மூத்தவள்,
கஸ்தூரி